எர்த் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. முதல் பக்கத்தைப் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நகரசபையின் மின்சாரப் பிரிவில் என் மகன் இன்ஜினீயர். அந்த ஊரில் வீட்டு விளக்குக்கு என்ன ரேட், மில் மோட்டாருக்கு என்ன ரேட், கரண்ட் வாங்குகிறவன் என்னென்ன விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று முதல் வரைவு எழுதுகிறவனே அவன்தான் என்றால், கோவில்பட்டியில் மிளகாய் வற்றல் அரைத்துக் காலம் தள்ளியவனுக்கு வேறு என்ன வேண்டும்? உன் அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்து உரக்கப் படித்தேன். இரண்டாம் பக்கம் பாதியில் குரல் நின்றுவிட்டது. "என்ன, எழுத்து தெரியலையா? கண்ணாடிய எடுத்துட்டு வரட்டா?" என்றாள். எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. ரேட்டை உயர்த்தாமல் தீராது, ஜனங்கள் கொதிப்பார்கள், அவர்களைச் சமாதானப்படுத்த ஒரு சலுகை வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். மில்காரர்களும் பட்டறைக்காரர்களும் கோடை முழுக்க எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வருஷம் ஒருமுறை அதைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்கிற விதியை எடுத்துவிடப் போகிறாயாம். "நம் ஊரில் நீங்கள் போராடி எடுக்கவைத்த அதே விதிதான் அப்பா. அன்றைக்குக் கூட்டத்தில் பேசியதை ஞாபகம் இருக்கிற அளவுக்கு எழுதி அனுப்புங்கள். கவுன்சிலில் வாசிக்கப்போகிறேன்" என்று வேறு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பேச்சு பன்னிரண்டு வருஷம் கழித்து என் மகன் கையால் இன்னொரு ஊருக்குப் போகிறது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

கேட்டாய் அல்லவா, எழுதுகிறேன். அப்போது நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தாய். நம் ஊருக்குக் கரண்ட் கொடுத்தது லைசென்ஸ் வாங்கிய ஒரு கம்பெனி. ரேட்டை இஷ்டத்துக்கு ஏற்ற அவர்களால் முடியாது, சர்க்காருக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ரேட் என்பது மழை மாதிரி, வந்தால் வந்தது என்று இருந்தார்கள். கம்பெனி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை முழுக்க நின்று படித்தவன் நான்தான். கடை கடையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். மனு போன வேகத்தில் சர்க்கார் அதிகாரி ஒருவரே வந்துவிட்டார். பருத்திப் பேட்டைக் கொட்டகையில் கூட்டம். நான் ரேட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். கம்பெனி மானேஜர் அசைந்து கொடுக்கவே இல்லை. எண்ணெய் விலை, கம்பி விலை என்று காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். தோற்கப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்தின் முன்னால் வெறுங்கையோடு இறங்க மனசில்லை. அப்போதுதான் நோட்டீஸின் கடைசியில் இருந்த எர்த் குழி நிபந்தனை கண்ணில் பட்டது. மோட்டார் வைத்திருப்பவன் தினம் இரண்டு குடம் தண்ணீர் குழியில் ஊற்ற வேண்டும், ஊற்றாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று இருந்தது. பிடித்துக்கொண்டேன். "எங்க வீட்டுப் பொம்பளையாளுவ ஒரு கொடம் தண்ணிக்கு விடியுமுன்ன போயி குழாயடியில நிக்காளுவ. குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல மண்ணுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுதீங்களே, ஒங்க மண்ணுக்கு அப்படி என்ன தாகம்? கரண்ட்டு விக்க வந்தியளா, தோட்டம் போட வந்தியளா?" இதுதான் நீ கேட்ட பேச்சு. இதற்குமேல் ஒரு வரியும் இல்லை. கொட்டகை அதிர்ந்தது. துண்டைத் தூக்கி வீசினார்கள். மானேஜர் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். பிறகு எழுந்து, ரேட் ரேட்டாகவே இருக்கும், பொதுமக்களின் கஷ்டத்தை உத்தேசித்து எர்த் குழி நிபந்தனையை வற்புறுத்த மாட்டோம் என்றார். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் ஜெயித்துவிட்டதாகக் கைதட்டினோம். நான் கடம்பூர் போளி இரண்டு கூடை வரவழைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். அவர்கள் கேட்ட ரேட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, அவர்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை நமக்கு விட்டுக்கொடுத்துப் போயிருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

உனக்கு எர்த் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீ புத்தகத்தில் படித்த மண் கரிசல் மண் இல்லை, அதனால் சொல்கிறேன். மோட்டாரில் கரண்ட் கசிந்தால் அது எர்த் கம்பி வழியாக இறங்கி, குழிக்குள் நட்ட இரும்புக் குழாய் வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். அப்படி வேகமாகப் போனால் ஃபியூஸ் எரிந்து எல்லாம் நிற்கும். நம் மண்ணோ மாசி மாதமே வாயைப் பிளக்கத் தொடங்கிவிடும். சித்திரையில் வெடிப்புக்குள் கை முழங்கை வரை போகும். குழாயைச் சுற்றி மண் விலகி, குழாய் அந்தரத்தில் நிற்கும். கசிந்த கரண்டுக்குப் போக வழி இருக்காது, ஃபியூஸும் எரியாது. மோட்டாரிலும் குழாயிலும் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்குத்தான் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். குழி தோண்டிய அன்றைக்கே வயர்மேன் சொல்லியிருந்தான். பங்குனிக் கடைசியில் நம் மில்லில் அரைக்கிற ஆள் வந்து, "அண்ணாச்சி, மோட்டாரத் தொட்டா ஜிவ்வுங்குது" என்றான். "செருப்பப் போட்டுட்டுத் தொடுலே" என்றேன். அடுத்த வாரமும் சொன்னான். ஒரு மரப்பலகையைக் கொடுத்து அதன்மேல் நின்று வேலை செய்யச் சொன்னேன். ஊரில் எல்லா மில்லிலும் பலகைதான். பலகைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் பார்.

மில்லுக்குள் இருந்தவனுக்குப் பலகை இருந்தது. எர்த் குழாய் இருந்தது வெளியே, பக்கத்துச் சந்தில். தரைக்குமேல் முழ உயரம் நீட்டிக்கொண்டிருக்கும். அரைக்க வருகிறவர்கள் அதில் ஆட்டைக் கட்டுவார்கள், சைக்கிளைச் சாய்ப்பார்கள். நானே பார்த்திருக்கிறேன், ஒன்றும் சொன்னதில்லை. கத்திரி வெயிலில் ஒருநாள் பகல், பேச்சி வந்தாள். உனக்கு அவளைத் தெரிந்திருக்காது. எப்போதும்வென்றான் கிராமத்தில் பிறந்து, எட்டயபுரம் ரோட்டில் ஆடு வைத்திருந்த பரமசிவத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கலகலவென்று பேசுவாள், அரைத்த மாவில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்து, "அண்ணாச்சி, முந்துன ஆளு வத்தல எங்க சோளத்துல கலந்துட்டிய" என்று வம்பிழுப்பாள். அன்றைக்குக் கம்பு கொண்டு வந்தாள். கூட வந்த வெள்ளாட்டைக் கயிற்றால் குழாயில் கட்டிவிட்டு வரிசையில் நின்றாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆடு கழுத்தைக் குழாயில் தேய்த்திருக்க வேண்டும். துள்ளி விழுந்து காலை உதைத்தது. அவள் அதை இழுப்பு என்று நினைத்தாள். ஓடிப்போய், தான் குடிக்கக் கொண்டுவந்த தூக்குச்சட்டித் தண்ணீரை அதன் முகத்தில் ஊற்றினாள். அந்தக் கோடையில் அந்த இடத்தில் விழுந்த முதல் தண்ணீர் அதுதான். அது அவள் காலடியிலும் ஓடியது. ஈரத்தில் மண்டியிட்டு, ஒரு கையால் ஆட்டைத் தூக்க, இன்னொரு கையைக் குழாயில் ஊன்றினாள். கத்தக்கூட இல்லை. நான் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் இப்படிக் குனிந்தே இருக்கிறாள் என்று யோசித்தேன். அரைக்கிற ஆள்தான் ஓடிப்போய் மெயினை இறக்கினான். நான் எழுந்திருக்கவே இல்லை. அவளுக்கு இருபத்தெட்டு, முப்பது வயசு இருக்கலாம். ஒரே ஒரு பெண்பிள்ளை, அப்போதுதான் பால்பல் விழுந்துகொண்டிருந்தது.

இதுவரை நான் சொன்னது விபத்து. இனி சொல்லப்போவது விபத்து இல்லை. திருநெல்வேலியிலிருந்து மின் இன்ஸ்பெக்டர் மூன்றாம் நாள் வருகிறார், எர்த்தைச் சோதிப்பார் என்று தகவல் வந்தது. வயர்மேன் என்னைத் தனியே கூப்பிட்டான். "அண்ணாச்சி, மோட்டார காயில் மாத்திக் கட்ட அனுப்பிருங்க, கசிவு நின்னுரும். குழிக்கு ரெண்டு நாளு விடாம தண்ணி விடுங்க. மீட்டர் சரியாக் காட்டும்" என்றான். மகனே, நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஊருக்கே தண்ணீர் இல்லை என்று கொட்டகை அதிரப் பேசிய வாய், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கேட்டது. மில்லில் உசுர் போயிருக்கு என்றால் யார் இல்லை என்பார்கள்? எதிர்த்த கடை காசிம் பாய் தன் வீட்டுத் தொட்டியைத் திறந்துவிட்டார், நாலு நாளைக்கு அவர் குடும்பம் குடிக்க வைத்திருந்த தண்ணீர். உன் அம்மாவும் நானும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். மண் குடித்துக்கொண்டே இருந்தது. முதல் பத்துக் குடம் போன இடம் தெரியவில்லை. அப்புறம் வெடிப்பு மெல்ல மூடியது, குழாயைச் சுற்றி மண் கெட்டிப்பட்டது. உன் அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று அதையே பார்த்தாள். "இத ஒரு மாசத்துக்கு முந்தி ஊத்தியிருக்கலாம்லா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அவள் வாயால் எடுத்ததே இல்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். கையால் சுற்றுகிற மீட்டர் பெட்டியை வைத்து, மண்ணில் கம்பிகளை நட்டு, மூன்று தடவை சோதித்தார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. புதுக் காயில் கட்டி வந்த மோட்டாரையும் சோதித்தார், அதிலும் குறை இல்லை. சுற்றிலும் ஈரமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "தினமும் தண்ணீர் விடுகிறீர்களா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா" என்றேன். நிபந்தனையைத் தளர்த்தியும்கூட ஊற்றுகிறேனே என்று என்னைப் பாராட்டினார். நான் கும்பிட்டேன். மின்சாதனங்கள் விதிப்படி உள்ளன, இறந்தவரின் அஜாக்கிரதையே காரணம் என்று அறிக்கை போனது. அந்த ஆட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. அறிக்கை வந்த அன்று காசிம் பாய் கடை வாசலில் என்னை நிறுத்தினார். "அண்ணாச்சி, துட்டி கேக்க வாரவியளுக்கும், செத்த புள்ள மய்யித்தக் குளிப்பாட்டவும்னு நெனச்சுல்லா தண்ணி குடுத்தேன். நீங்க எதுக்கு ஊத்துனிய?" என்றார். நான் குழி இருந்த சந்துப் பக்கம் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "யா அல்லா, எங்க வீட்டுத் தண்ணியா" என்றார். அதன்பிறகு அவர் மில் பக்கம் வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஊரே என்னைப் புகழ்ந்த கூட்டத்தைவிட, அவர் ஒருவர் பேசாமல் இருந்ததுதான் இத்தனை வருஷமும் என் காதில் கேட்கிறது.

பேச்சியை எடுத்துக்கொண்டுபோன அன்றைக்குப் பரமசிவம் என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணாச்சி, மீட்டிங்கு அன்னைக்கு நானும் சந்தையில ஆட்ட வித்துட்டு அங்கன வந்து நின்னேன். தண்ணியப் பத்தி நல்லா பேசுனிய. நானும்லா கைதட்டுனேன்" என்றான். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகச் சொன்னான். உங்களுக்கு இப்படி ஒரு சோதனை வந்துவிட்டதே என்று என்னைப் பார்த்து அழுதான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். இந்தக் கையால்தான். நினைத்தால் இப்போதும் என்னால் என்னை நம்ப முடியவில்லை. நீ லீவுக்கு வந்தபோது, ஒரு பெண் அஜாக்கிரதையாகக் கரண்டைத் தொட்டுவிட்டாள் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். கூட்டத்துக் கதையை மட்டும் விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். இந்தப் படிப்பையே அதனால்தான் எடுத்தேன் என்று ஒருமுறை சொன்னாயே, அன்றாவது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் களவாண்டவனுக்குத்தான் எந்தக் கதவு லேசு என்று தெரியும், அந்த முறையில் சொல்கிறேன். ரேட்டைப் பற்றி ஜனங்கள் சண்டை போடட்டும், அது அவர்கள் உரிமை. அவர்கள் கேட்பதற்குக் கணக்கைக் காட்டிப் பதில் சொல்லு, முடிந்தால் குறை, முடியாவிட்டால் திட்டு வாங்கிக்கொள். திட்டுக்குப் பயந்து அவர்கள் உசுரை எடுத்து அவர்களுக்கே சலுகையாகக் கொடுக்காதே. வாங்குகிறவனுக்கு அது என்ன என்று தெரியாது, கைதட்டத்தான் செய்வான். உன் ஊரிலும் தண்ணீர்ப் பஞ்சம் என்கிறாய். அப்படியென்றால் குழிக்கு ஊற்ற உப்புத் தண்ணீரை நகரசபை வண்டியிலேயே அனுப்பு, அதற்கு விதி எழுது. சோதனைக்குப் போகிறவன் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. சித்திரையில், மத்தியான வெயிலில், குழி காய்ந்து கிடக்கும்போது போக வேண்டும். போனதும் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் மண் எத்தனை நாள் ஈரம் என்று பார்க்கச் சொல். மரப்பலகை கிடக்கிற மில்லில் முதலில் நுழையச் சொல். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நான் செய்ததைத் திருப்பிப் போட்டால் வருவது இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வரைவுக்கு முப்பது நாளுக்குள் யாரும் ஆட்சேபணை கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். இன்று காலை நான் ஒன்று எழுதி, உன் பெயருக்கு அல்ல, உன் கமிஷனர் பெயருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தில் இருப்பது எல்லாம் அதிலும் இருக்கிறது, என் பெயரும் கையெழுத்தும் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும். உன் மேஜைக்கு அது வரும்போது அப்பாவுடையது என்று ஒதுக்கி வைக்காதே. விசாரணை நாளில் நானே நேரில் வருவேன். என் பெயரைக் கூப்பிடும்போது எனக்காக எழுந்து நிற்காதே, உன் வீட்டில் தங்கு என்றும் சொல்லாதே. அந்த அறையில் நீ கேட்கிற இடத்தில் இரு, நான் சொல்கிற இடத்தில் இருக்கிறேன்.

ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைத் தபாலில் செய்ய முடியாது. பரமசிவம் அந்தப் பிள்ளையைத் தானே வளர்த்து ஆளாக்கினான். வருகிற தையில் அவளுக்குக் கல்யாணம், என்னைத்தான் முதல் ஆளாக அழைத்தான். போன வாரம் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் கொதிக்கிற உலையை வெறுங்கையால் இறக்கப் போனாள். "ஏட்டி, ஒங்க ஆத்தா மாதிரி அஜாக்கிரதையா இருந்து தொலையாத" என்று பதறிப்போய்க் கத்தினான். அவள், "நா ஒண்ணும் அவிய மாதிரி இல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் பேச்சியின் பெயர் இப்படித்தான் வருகிறது. எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்று தெரியாமல், நான் ஊற்றிய தண்ணீரில் எழுதிய அறிக்கையை அப்பனும் மகளும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நான் அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நேராக அங்கேதான் போகிறேன். அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்த்தேன்.

உன் அப்பா